ஈரானின் வாக்கை நம்பலாமா? அணுப் பேச்சுவார்த்தையின் இருபது வருடக் கணக்கு

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. வியன்னாவில் கூடிய சர்வதேச அணுசக்தி முகமையின் ஆளுநர் குழு, ஈரான் தன் பாதுகாப்பு உடன்பாட்டுக் கடமைகளை (அணுப் பொருளை முகமைக்குக் கணக்குக் காட்டும் கடமைகளை) மீறியிருக்கிறது என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவு 19, எதிர்ப்பு 3, நடுநிலை 11. மறுநாள் விடிவதற்குள் இஸ்ரேல் விமானங்கள் ஈரானுக்குள் குண்டு போட ஆரம்பித்துவிட்டன. அந்த ஞாயிற்றுக்கிழமை, அதாவது 15ஆம் தேதி, ஓமான் தலைநகர் மஸ்கட்டில் அமெரிக்காவும் ஈரானும் ஆறாவது சுற்றுப் பேச்சுக்கு உட்காருவதாக ஏற்பாடாகியிருந்தது. அது நடக்கவே இல்லை. 22ஆம் தேதி அமெரிக்காவே நேரடியாக இறங்கி ஃபோர்தோ, நத்தான்ஸ், இஸ்ஃபஹான் என்று ஈரானின் மூன்று அணு நிலையங்களைத் தாக்கியது.

இந்தப் பத்து நாளை வைத்தே இரண்டு தரப்பும் தங்கள் வழக்கை முடித்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு 12ஆம் தேதியைக் காட்டி, பாருங்கள், ஐ.நா. அமைப்பே சொல்லிவிட்டது, இவர்கள் பொய்யர்கள், இவர்களோடு என்ன பேச்சு என்கிறது. இன்னொரு தரப்பு 13ஆம் தேதியைக் காட்டி, பேச்சு மேசையில் இருக்கும்போதே குண்டு போடுகிறவர்களை ஈரான் எப்படி நம்பும் என்று கேட்கிறது. இரண்டுமே நடந்தவை. அதனால்தான் இந்தச் சண்டை இருபது வருடமாக ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரான் தலைவர்களின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எந்த ஒப்பந்தமும் போட முடியாது, அப்படி நினைப்பதற்கு அவர்களே போதுமான காரணம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கா உள்ளிட்ட ஆறு நாடுகள் 2015இல் ஈரானோடு போட்ட அணு ஒப்பந்தம் அவர்கள் வாய்ச்சொல்லின் மேல் நின்றதே கிடையாது. கண்ணால் பார்த்து, எடை போட்டு, சீல் வைத்துச் சரிபார்ப்பதன் மேல் நின்றது. அதை உடைத்தது ஈரான் இல்லை. உடைத்த பிறகு நமக்குக் கிடைத்திருப்பது, அன்றைக்கு இருந்ததைவிடப் பல மடங்கு ஆபத்தான நிலைமை. இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் சந்தேகப்படுகிறவர்களின் தரப்பு, ஏனென்றால் அதில் நிஜமான சரக்கு இருக்கிறது.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஈரான் ஆரம்பத்திலேயே, 1968இல் கையெழுத்துப் போட்டுவிட்டது. குண்டு செய்யமாட்டேன், என்னிடம் உள்ள அணுப் பொருளையெல்லாம் கணக்குக் காட்டுவேன், பதிலுக்கு அமைதிப் பயன்பாட்டுக்கான தொழில்நுட்பத்தை வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு, இதுதான் அதன் சாரம். 2002 ஆகஸ்டில் நாட்டுக்கு வெளியே இருந்த ஒரு ஈரானிய எதிர்ப்பு இயக்கம், நத்தான்ஸ் என்ற இடத்தில் பூமிக்கு அடியில் ஏதோ பெரிய ஆலை எழும்புகிறது, அராக் நகரில் இன்னொன்று இருக்கிறது என்று போட்டு உடைத்தது. அடுத்த பிப்ரவரியில் முகமையின் தலைவர் முகமது எல்பரதேய் நேரில் போய்ப் பார்த்தார். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களுக்கான ஆலை அது. (செறிவூட்டல் என்றால் யுரேனியத்தில் பிளவுபடக்கூடிய வகையின் பங்கைக் கூட்டுவது. கொஞ்சம் கூட்டினால் மின் நிலைய எரிபொருள், நிறையக் கூட்டினால் குண்டு.) ஈரானின் பதில்: எங்களுக்கு இருந்த விதிப்படி, அணுப் பொருளை உள்ளே கொண்டுவருவதற்கு 180 நாள் முன்னால் சொன்னால் போதும், இன்னும் கொண்டுவரவே இல்லையே. சட்டப்படி அந்தப் பதிலில் ஓரளவு நியாயம் இருந்தது.

ஆனால் அடுத்த கேள்விக்கு நியாயமான பதில் வரவில்லை. இத்தனை பெரிய ஆலையைக் கட்டுகிறீர்கள், இயந்திரத்தை யுரேனிய வாயு விட்டுச் சோதித்துப் பார்க்காமலா கட்டுவீர்கள்? இல்லை, எல்லாம் கணினியிலேயே போட்டுப் பார்த்தோம், எல்லாம் எங்கள் சொந்தத் தயாரிப்பு என்றார்கள். டெஹ்ரானில் கலாயே எலெக்ட்ரிக் என்றொரு நிறுவனத்தின் கட்டடம் இருந்தது. அங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கேட்டபோது முதலில் விடவில்லை. மாதங்கள் கழித்து ஆகஸ்டில் விட்டபோது, அந்தக் கட்டடம் பெரிய அளவில் மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. அப்படியும் பஞ்சுத் துணியால் துடைத்து எடுத்த தூசியில் உயர் செறிவு யுரேனியத்தின் துகள்கள் சிக்கின. (அந்தத் துகள்களில் பெரும்பாலானவை, பாகிஸ்தானிலிருந்து வந்த பழைய இயந்திரப் பாகங்களில் ஒட்டியிருந்தவை என்று பின்னால் தெரிந்தது. அதன் மூலம் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி அப்துல் காதிர் கானின் கள்ளச் சந்தை வலையமைப்பின் தொடர்பும், ‘சொந்தத் தயாரிப்பு’ என்ற கதையின் லட்சணமும் வெளியே வந்தன.)

இதில் எனக்கு மறக்கவே முடியாத விஷயம் ஒன்று உண்டு. 1991இல் ஈரான் சீனாவிலிருந்து முகமைக்குச் சொல்லாமல் யுரேனியம் வாங்கியிருந்தது, அதில் வாயுவாக்கக் கூடிய யுரேனியம் ஹெக்ஸாஃப்ளூரைடு சுமார் 1,000 கிலோ. ஆய்வாளர்கள் எடை போட்டுப் பார்த்தபோது 1.9 கிலோ குறைந்தது. எங்கே போச்சு? உருளையின் வால்வு ஒழுகிப் போய்விட்டது என்றார்கள். சில மாதம் கழித்து, அக்டோபரில், உண்மையை ஒப்புக்கொண்டார்கள். அந்த 1.9 கிலோவைத்தான் கலாயே எலெக்ட்ரிக்கில் இயந்திரங்களைச் சோதிக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்கள், எடைத் தராசு காட்டிக் கொடுத்துவிட்டது. ஈரான் பொய் சொன்னது என்பதற்கும், அந்தப் பொய்யை முறையான ஆய்வு கண்டுபிடிக்கும் என்பதற்கும் இந்த ஒரே சம்பவம் சாட்சி. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் ரூஹானியின் பேச்சு. 2003 அக்டோபரில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்று நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் டெஹ்ரானுக்கே போய், செறிவூட்டலை நிறுத்திவைப்பதாக ஈரானிடம் ஒரு உடன்பாடு வாங்கி வந்தார்கள். ஈரான் தரப்பில் பேசியவர் ஹசன் ரூஹானி, பின்னாளில் அதிபரானவர். பிறகு உள்நாட்டுக் கூட்டம் ஒன்றில் அவர் விளக்கினார்: டெஹ்ரானில் ஐரோப்பியர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இஸ்ஃபஹானில் (யுரேனியத்தை வாயுவாக மாற்றும் ஆலையில்) கருவிகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம், பேச்சினால் கிடைத்த அமைதியான சூழலில் அந்த வேலையை முடிக்க முடிந்தது, என்று. இந்தப் பேச்சு வெளியானதிலிருந்து, ஈரானோடு எந்தப் பேச்சு தொடங்கினாலும் யாராவது ஒருவர் இதை எடுத்துப் போடுவார். போடத்தான் செய்வார்கள். பேச்சுவார்த்தை என்பது காலம் கடத்தும் உத்தி என்று பேசியவரே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறதல்லவா?

ஆனால் அவர் யாரிடம் அப்படிப் பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பியர்களிடம் நாட்டை அடகு வைத்துவிட்டாய் என்று அவரைத் தாக்கிக்கொண்டிருந்த உள்ளூர் கடும்போக்காளர்களிடம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசியது அது. நான் விட்டுக்கொடுக்கவில்லை, சாமர்த்தியமாக நடந்துகொண்டேன் என்று எந்த நாட்டுப் பேச்சாளரும் ஊருக்குத் திரும்பி வந்து சொல்வதுதான். அதோடு, நிறுத்திவைத்தது நத்தான்ஸில் நடக்கும் செறிவூட்டலைத்தான், அது உண்மையிலேயே நின்றது, முகமையும் அதை உறுதிப்படுத்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ரூஹானி மகா யோக்கியர் என்று ஆகிவிடாது. எழுத்தில் கட்டுப்படுத்தாத எந்த இடைவெளி இருந்தாலும் ஈரான் அதில் புகுந்துவிடும் என்பது மட்டும் தெளிவாகிறது. ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு அது ரொம்பப் பயனுள்ள பாடம்.

2009 செப்டம்பரில் ஃபோர்தோ வந்தது. கோம் நகருக்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து, சுமார் 3,000 மையவிலக்கு இயந்திரங்களுக்கான இடம். மேற்கத்திய உளவு அமைப்புகள் கண்டுபிடித்துவிட்டன என்று மோப்பம் பிடித்து, ஒபாமாவும் மற்றவர்களும் பிட்ஸ்பர்க்கில் அறிவிப்பதற்குச் சில நாள் முன்னால் ஈரானே முகமைக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதியது. கட்ட முடிவெடுத்த உடனேயே சொல்ல வேண்டும் என்ற புதிய விதியை 2003இல் ஏற்றுக்கொண்டிருந்த ஈரான், 2007இல் தன்னிச்சையாக அதிலிருந்து விலகிக்கொண்டதாகச் சொல்லியிருந்தது. அப்படி ஒருதலையாக விலக முடியாது என்பது முகமையின் நிலை. மின்சாரத்துக்கான எரிபொருள் செய்ய 3,000 இயந்திரம் போதவே போதாது, மலைக்கு அடியில் ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஃபோர்தோவுக்கு அப்பாவித்தனமான விளக்கம் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது. அதிகபட்சம், நத்தான்ஸை என்றைக்காவது குண்டு போட்டு அழித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒரு காப்பு வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

ஆயுத வடிவமைப்பு வேலையும் நடந்தது. 2003 முடிவதற்கு முன் ஒருங்கிணைந்த முயற்சி ஒன்று இருந்தது, அதன் பிறகு 2009 வரை சிதறலாகச் சில வேலைகள் நடந்தன என்று முகமையின் 2015 டிசம்பர் இறுதி அறிக்கை சொல்கிறது. 2003 இறுதியில் நிறுத்திவிட்டார்கள் என்று அமெரிக்க உளவுத்துறைகளும் 2007இல் சேர்ந்து மதிப்பிட்டிருந்தன. 2018 ஜனவரி 31 இரவில் டெஹ்ரானின் தெற்கே ஷோராபாத் பகுதிக் கிடங்கு ஒன்றிலிருந்து இஸ்ரேல் உளவு அமைப்பான மொசாத்தின் ஆட்கள் எடுத்துவந்ததாக நெதன்யாகு காட்டிய ஆவணங்கள், 55,000 பக்கமும் 183 குறுந்தகடுகளும், பெரும்பாலும் இந்தப் பழைய திட்டத்தைப் பற்றியவை. ஈரான் இதையெல்லாம் இன்றுவரை மறுக்கிறது. செய்யவே இல்லை என்கிற ஒன்றின் காகிதங்களை ஏன் பத்திரமாகக் கிடங்கில் பூட்டி வைத்திருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

இந்த இடத்தில் மதத்தை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். ஷியா மரபில் தகிய்யா என்று ஒன்று உண்டு, அதன்படி எதிரியிடம் பொய் சொல்லலாம், ஆகவே இவர்கள் கையெழுத்துக்கு மதிப்பே இல்லை என்பது அவர்கள் வாதம். இதை நான் ஏற்கவில்லை. உயிருக்கு ஆபத்து வரும்போது தன் மத நம்பிக்கையை மறைத்துக்கொள்ளலாம் என்று சிறுபான்மையினர் தங்களைக் காத்துக்கொள்ள உண்டான வழி அது. அதைத் தூக்கி யுரேனிய ஒப்பந்தத்தோடு ஒட்டவைப்பது ஒரு மக்கள் கூட்டத்தையே பிறவிப் பொய்யர்கள் என்று சொல்வது மாதிரி. அதே நேரத்தில், அணு ஆயுதம் மதப்படி விலக்கப்பட்டது என்று அன்றைய உச்ச தலைவர் அலி காமெனெயி சொன்ன ஃபத்வாவை ஈரான் தரப்பு ஒரு உத்தரவாதமாக நீட்டும்போதும் என் பதில் அதேதான். மதத் தீர்ப்பை மாற்றிக்கொள்ள முடியும், யாரும் போய் அதை எடை போட்டுப் பார்க்க முடியாது. இரண்டு பக்கமும் மதத்தை மேசையிலிருந்து எடுத்துவிட்டுக் கிலோ கணக்கைப் பேசுவது நல்லது.

இன்னொரு நிஜமான சிக்கல், ஈரானில் யாரை நம்புவது என்பதே. வெளியுறவு அமைச்சர் கையெழுத்துப் போடுவார், முடிவு அவருடையது இல்லை. உச்ச தலைவர், தேசியப் பாதுகாப்புக் குழு, புரட்சிகரக் காவல் படை எல்லாம் அவருக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருக்கின்றன. 2021 ஏப்ரலில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜவாத் ஸரீஃப் பேசிய ஒலிப்பதிவு ஒன்று கசிந்தது. படையின் களத் தேவைக்காக ராஜதந்திரத்தைப் பலி கொடுக்க வேண்டியிருந்தது, எதிர்த் திசையில் அப்படி நடந்ததே இல்லை என்று அதில் அவர் புலம்புகிறார். காவல் படையின் வெளிநாட்டுப் பிரிவுத் தளபதியாக இருந்த காசிம் சுலைமானியைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறார். ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதத்தில், 2016 மார்ச்சில், ஹீப்ருவில் இஸ்ரேலை அழிக்க வேண்டும் என்று எழுதிய ஏவுகணையைச் சோதித்தது யார்? ஸரீஃப் இல்லை, காவல் படைதான். சிரித்துப் பேசுகிற அமைச்சரை நம்பி ஏமாறாதே என்று சந்தேகக்காரர்கள் சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

சரி, இப்போது மறுபக்கக் கணக்கு. ஈரானியர்கள் 1953இலிருந்து ஆரம்பிப்பார்கள், பிரதமர் மொசாதெக்கின் ஆட்சியை அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கவிழ்த்ததிலிருந்து. அது தெரிந்த கதை, வேகமாகத் தாண்டிவிடலாம். அணு விஷயத்தில் மட்டும் பார்த்தாலும் பட்டியல் நீளம். மன்னர் ஷா காலத்தில் பிரான்ஸில் அமைந்த யூரோடிஃப் செறிவூட்டல் ஆலையில் ஈரானுக்கு 10 சதவீதப் பங்கு, 100 கோடி டாலர் கடனும் கொடுத்திருந்தது. 1979 புரட்சிக்கு அப்புறம் ஈரானே கொஞ்ச காலம் அணுத் திட்டத்தைக் கைவிட்டது உண்மை, ஆனால் பிறகு கேட்டபோது செறிவூட்டிய யுரேனியம் வரவில்லை, பணத் தகராறு 1991 வரை இழுத்தது. எரிபொருளை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள், சொந்தமாகச் செறிவூட்டாதீர்கள் என்று யார் சொன்னாலும் ஈரானியர்கள் யூரோடிஃபைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள்.

2001 இறுதியில் தாலிபானுக்குப் பிறகான ஆஃப்கானிஸ்தான் அரசை அமைக்க ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டில் ஈரான் அமெரிக்காவுக்கு உதவியது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2002 ஜனவரியில் புஷ் ஈரானைத் ‘தீய அச்சு’ நாடுகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். அதுவரை அமெரிக்காவோடு பேசலாம் என்று வாதாடிய ஈரானியச் சீர்திருத்தக்காரர்களின் வாய் அன்றோடு அடைந்தது.

2009-10 கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதில் யார் உடைத்தார்கள் என்பது நேராகச் சொல்ல முடியாத விஷயம். அமெரிக்காவே 1967இல் கொடுத்த டெஹ்ரான் ஆராய்ச்சி உலை, மருத்துவத்துக்கான ஐசோடோப்புகள் செய்வது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ஈரான் தன் குறை செறிவு யுரேனியத்தில் 1,200 கிலோவை வெளியே அனுப்பட்டும், பதிலுக்கு உலைக்கான எரிபொருளைக் கொடுக்கலாம் என்று 2009 அக்டோபரில் ஜெனீவாவில் கொள்கை அளவில் பேசி முடித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், கடும்போக்காளர் என்று பேரெடுத்த அன்றைய அதிபர் அகமதிநெஜாத் இதற்குச் சம்மதம். எதிர்த்தது உள்ளூர் அரசியல் எதிரிகள், லாரிஜானி போன்றவர்கள், சீர்திருத்த முகாமின் மூசாவி உட்பட. ஈரான் பின்வாங்கியது. 2010 மே மாதம் பிரேசிலின் லூலாவும் துருக்கியின் எர்டோகனும் டெஹ்ரானுக்குப் போய் கிட்டத்தட்ட அதே நிபந்தனைகளுக்கு ஈரானைச் சம்மதிக்க வைத்தார்கள். இப்போது அமெரிக்கா வேண்டாம் என்றது. நடுவில் ஈரானின் கையிருப்பு ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது, 20 சதவீதச் செறிவூட்டலையும் தொடங்கியிருந்தது, ஆகவே 1,200 கிலோ போனாலும் ஒரு குண்டுக்கான அளவு மிச்சம் இருக்கும் என்பது வாஷிங்டனின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஒபாமா சில வாரம் முன்னால் லூலாவுக்கு எழுதிய கடிதத்தில் இதே 1,200 கிலோவைப் பற்றித்தான் பேசியிருந்தார். ஜூன் 9 அன்று பாதுகாப்பு சபையில் புதிய தடைகள் வந்தன, பிரேசிலும் துருக்கியும் எதிர்த்து வாக்களித்தன.

இப்படி எட்டாமல் போன உடன்பாட்டைத்தான் 2015 ஜூலை 14 ஒப்பந்தம் எட்டியது. ஓமானில் ரகசியமாகத் தொடங்கி, ஜெனீவா, லோசான், வியன்னா என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிய பேச்சு. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கெர்ரியும் ஸரீஃபும் முகங்கள் என்றால், எண்களைத் தீர்த்தது இரண்டு இயற்பியல்காரர்கள்: அமெரிக்க எரிசக்தித் துறைச் செயலர் எர்னஸ்ட் மோனிஸ், ஈரான் அணுசக்தித் தலைவர் அலி அக்பர் சாலெஹி. மோனிஸ் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர், சாலெஹி அங்கேயே முனைவர் பட்டம் வாங்கியவர்.

என்ன நடந்தது என்று பாருங்கள். நிறுவியிருந்த சுமார் 19,000 மையவிலக்கு இயந்திரம் 6,104 ஆகக் குறைந்தது, அதிலும் 5,060 மட்டுமே செறிவூட்டலாம். கையிருப்பு 300 கிலோவுக்கு மேல் கூடாது, செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 11 டன்னுக்கும் மேல் யுரேனியம் 2015 டிசம்பர் இறுதியில் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. குண்டுக்கு இன்னொரு வழியான புளுட்டோனியம் தரக்கூடிய அராக் உலையின் மையக் கலத்தை வெளியே எடுத்துக் கான்கிரீட் ஊற்றினார்கள். இயந்திர உற்பத்தியை 20 வருடம், யுரேனிய ஆலைகளை 25 வருடம் முகமை கண்காணிக்கும். குண்டுக்கான யுரேனியம் சேர்க்க ஆகும் காலம் இரண்டு மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடமாக நீண்டது. ஒபாமா அன்றைக்கே வெளிப்படையாகச் சொன்னார், இது நம்பிக்கையின் மேல் கட்டியது இல்லை, சரிபார்ப்பின் மேல் கட்டியது என்று. காமெனெயியும் தன் பங்குக்கு அமெரிக்காவை நம்பவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே சம்மதித்தார். இரண்டு பக்கமும் நம்பாமலேயே வேலை நடந்தது.

குறைகள் இருந்தன. பத்து, பதினைந்து வருடத்தில் முக்கியக் கட்டுப்பாடுகள் காலாவதியாகும், ஏவுகணையைத் தொடவில்லை, லெபனான், சிரியா, ஏமன் எதையும் தொடவில்லை, சந்தேகத்துக்குரிய அறிவிக்கப்படாத இடத்துக்குள் நுழைய 24 நாள் வரை ஆகலாம். இதையெல்லாம் சொன்னவர்கள் எல்லாரையும் போர் வெறியர்கள் என்று தள்ளுவது நேர்மையில்லை. குறிப்பாகக் காலாவதிப் பிரச்சினை நிஜமானது.

சாலெஹி பிற்பாடு சொன்ன ஒரு விஷயத்தை இரண்டு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறார்கள். 2019 ஜனவரியில் ஈரான் தொலைக்காட்சிப் பேட்டியில், அராக் கலத்தின் குழாய்களில் கான்கிரீட் ஊற்ற வேண்டும் என்று வந்தபோது, அதே மாதிரிக் குழாய்களை ஏற்கனவே ரகசியமாக இன்னொரு செட் வாங்கி வைத்திருந்தோம், அதை அவர்களிடம் சொல்லவில்லை என்றார். எதிரிகள் வாக்குத் தவறுவார்கள் என்று தலைவர் எச்சரித்திருந்தார், பாலத்தை எரித்துவிடக் கூடாது என்பதால் செய்தோம் என்பது அவர் விளக்கம். பார்த்தீர்களா, கையெழுத்துப் போடும்போதே ஏமாற்றத் தயாராகிவிட்டார்கள் என்று ஒரு தரப்பு குதித்தது. இன்னொரு தரப்பு, அவர் பயந்தபடியே அமெரிக்கா வாக்குத் தவறியதே என்றது. என் கண்ணுக்குப் படுவது வேறு: மாற்றுக் குழாய் கையில் இருந்தும், ஒப்பந்தம் உயிரோடு இருந்தவரை அராக்கில் அவற்றைப் பொருத்தி உலையை இயக்கவில்லை. ஆய்வாளர்கள் அங்கே போய் வந்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2016 ஜனவரியிலிருந்து 2018 மே வரை முகமை தொடர்ந்து அறிக்கை கொடுத்தது, செறிவிலும் யுரேனியக் கையிருப்பிலும் ஈரான் வரம்புக்குள் இருக்கிறது என்று. அராக் வகை உலையில் பயன்படும் கனநீர் மட்டும் 2016இல் இரண்டு முறை 130 டன் வரம்பைக் கொஞ்சம் தாண்டியது, சுட்டிக்காட்டியதும் சரிசெய்தார்கள். 2018 ஏப்ரலில் செனட் குழுவின் முன் உட்கார்ந்த அன்றைய சி.ஐ.ஏ. தலைவர் மைக் பாம்பியோ, ஒப்பந்தத்தை வெறுத்தவர், ஈரான் மீறியதற்கான ஆதாரம் எதையும் தான் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். மே 8 அன்று டிரம்ப் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார். மூன்று வருடம் முன்னாலேயே, 2015 மார்ச்சில், டாம் காட்டன் தலைமையில் 47 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்கே பகிரங்கக் கடிதம் எழுதி, அடுத்த அதிபர் ஒரு பேனாக் கீறலில் இதை ரத்து செய்துவிடுவார் என்று எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை பலித்தது.

பதிலுக்குத் தடைகள் நீங்கி ஈரானுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்ததா? ஏர்பஸ்ஸிடம் 100 விமானம், போயிங்கிடம் 80 விமானம் வாங்க 2016இல் ஒப்பந்தமானது. ஏர்பஸ்ஸிலிருந்து வந்து சேர்ந்தது மூன்று. போயிங்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. தெற்கு பார்ஸ் எரிவாயு வயலுக்கு வந்த பிரெஞ்சு நிறுவனமான டோட்டால் மூட்டை கட்டிக்கொண்டு போனது. 2015இல் ஒரு டாலருக்குச் சுமார் 32,000 ரியால், 2025இல் அது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. டெஹ்ரானில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு ஆசிரியரின் சேமிப்பு இந்தப் பத்து வருடத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் ஃபோர்தோவைக் கட்டவுமில்லை, 1.9 கிலோவை மறைக்கவுமில்லை. ஒப்பந்தம் வந்த இரவில் தெருவில் இறங்கிக் கொண்டாடியவர்களில் அவரும் இருந்திருக்கலாம். இந்தச் சண்டையில் எனக்குப் பொறுக்காத விஷயம் இதுதான்.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் படிப்படியாக இறங்கியதுதான். ஒரு வருடம் ஈரான் வரம்புக்குள்ளேயே இருந்து, ஐரோப்பியர்கள் ஏதாவது செய்வார்களா என்று பார்த்தது. அவர்களால் முடியவில்லை. 2019 ஜூலையில் 300 கிலோவையும் 3.67 சதவீதத்தையும் தாண்டியது. 2020 நவம்பரில் அணு விஞ்ஞானி ஃபக்ரிஸாதே சுட்டுக் கொல்லப்பட்டார், அடுத்த மாதமே நாடாளுமன்றம் செறிவூட்டலை உயர்த்தச் சட்டம் போட்டது. 2021 ஏப்ரலில் நத்தான்ஸில் நாசவேலை நடந்தது, சில நாளில் 60 சதவீதச் செறிவூட்டல் தொடங்கியது. 2022 ஜூனில் 27 கண்காணிப்புக் கேமராக்களைக் கழற்றினார்கள். 60 சதவீத யுரேனியத்தால் ஓடும் மின் நிலையம் ஈரானில் ஒன்றுகூட இல்லை. இது பேரம் பேசுவதற்கான மிரட்டல், குண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும் மிரட்டல். அமெரிக்கா முதலில் உடைத்தது என்பதால் இது சரியாகிவிடாது.

பைடன் காலத்து வியன்னா பேச்சில் ஈரான் ஒன்றைக் கேட்டது: அடுத்த அதிபர் மறுபடி வெளியேறமாட்டார் என்று உத்தரவாதம். கொடுக்க முடியாது என்றார்கள், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் எந்த அதிபராலும் கொடுக்கவும் முடியாது. ‘ஈரானை நம்பலாமா’ என்று மட்டும் கேட்பவர்கள் இதை ஏனோ கவனிப்பதில்லை. அதோடு லிபியாவின் கதாஃபி 2003இல் அணுத் திட்டத்தை ஒப்படைத்தார், 2011இல் நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவே கொல்லப்பட்டார். வடகொரியா ஒப்பந்தத்தை உடைத்துக் குண்டு செய்தது, அதன் மேல் யாரும் கை வைக்கவில்லை. டெஹ்ரானின் கடும்போக்காளர்கள் இந்த இரண்டு பேரையும் தங்கள் மக்களுக்குக் காட்டாத நாள் இல்லை.

2025 ஜூன் தாக்குதல் தொடங்கிய நாளில் ஈரானிடம் இருந்த 60 சதவீத யுரேனியம் 440.9 கிலோ என்பது முகமையின் மதிப்பீடு. முகமை வைத்திருக்கும் அளவுகோலின்படி அது இன்னும் செறிவூட்டினால் பத்துக் குண்டுக்குப் போதும். இது வாயுவாகவும் திடப்பொருளாகவும் சின்ன உருளைகளில் அடைத்து வைப்பது, ஒரு சில வாகனங்களில் ஏற்றிக் கொண்டுபோய்விடலாம். ஃபோர்தோவின் மேல் 13 டன்னுக்கும் மேல் எடையுள்ள குண்டுகளைப் போட்டார்கள், இயந்திரங்கள் நொறுங்கியிருக்கும், அந்த உருளைகளின் எண்ணிக்கையைக் குண்டால் சரிபார்க்க முடியாது. ஜூலை 2ஆம் தேதி ஈரான் முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்திவைக்கும் சட்டத்தை அமலாக்கியது. செப்டம்பர் 9இல் கெய்ரோவில் ஈரான் வெளியுறவு அமைச்சர் அராக்சியும் முகமைத் தலைவர் குரோசியும் ஆய்வுகளைத் திரும்பத் தொடங்க ஒரு உடன்பாடு செய்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஐரோப்பிய மூவரும் பழைய ஐ.நா. தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நவம்பரில் ஈரான் கெய்ரோ உடன்பாடு முடிந்தது என்று அறிவித்தது. தாக்கப்பட்ட மூன்று இடத்துக்கும் ஆய்வாளர்கள் அந்த ஆண்டு முடியும்வரை போக முடியவில்லை.

2003இல் 1.9 கிலோ குறைந்ததைக் கண்டுபிடித்த அமைப்பு, 2025இல் 440 கிலோ எங்கே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிட்டது. ஈரானைத் துளியும் நம்பாதவர்கள்தான் இதைக் கண்டு அதிகம் பதற வேண்டும்.

ஆகவே இனி எந்தப் பேச்சு, எந்த ஊரில், யார் யாருக்கு நடுவில் நடந்தாலும் நான் முதலில் தேடப்போவது தலைவர்களின் அறிக்கையை இல்லை. அந்த உருளைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடை போட ஆய்வாளர்களுக்குத் தேதி குறித்திருக்கிறார்களா, இயந்திரங்கள் செய்யும் பட்டறைகளுக்குள் திரும்பக் கேமரா வருகிறதா, இந்த இரண்டும் நடந்தால் பதிலுக்கு ஈரானுக்கு எந்தத் தடை எந்த நாளில் நீங்கும், அடுத்த அதிபர் அதைத் திரும்பப் போட்டால் அவருக்கு என்ன நஷ்டம் என்று எழுத்தில் இருக்கிறதா. 2015இல் முதல் இரண்டையும் நன்றாக எழுதினார்கள். கடைசி வரியை எழுதாமல் விட்டார்கள்.